விகிதாசாரம் சரி, எந்த விகிதாசாரம்?

2006 சட்டமன்றத் தேர்தலில் விஜயகாந்தின் தே.மு.தி.க. தனியாக நின்று 8.4 சதவீத வாக்கு வாங்கியது. கிடைத்தது விருத்தாசலம் என்ற ஒரே ஒரு தொகுதி. ஐந்து வருடம் கழித்து வாக்கு 7.9 சதவீதமாக இறங்கியது. இடமோ 29 ஆக ஏறியது. விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதே 2011-ல் 22.4 சதவீதம் வாங்கிய தி.மு.க.வுக்கு 23 இடம்தான், சபையில் மூன்றாவது கட்சி.

இடையில் என்ன நடந்தது? மக்கள் மனம் மாறவில்லை. கூட்டணி மாறியது. 2011-ல் தே.மு.தி.க. 41 தொகுதிகளில் மட்டும், அ.தி.மு.க.வின் தோளில் ஏறி நின்றது. அந்த 41 தொகுதிகளில் முரசுக்கு விழுந்ததில் எவ்வளவு விஜயகாந்துக்காக விழுந்தது, எவ்வளவு இரட்டை இலைக்காரர்கள் போட்டது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. நம் தேர்தல் முறை பற்றிய என் முக்கியமான புகார் இதுதான். யாருக்கு எவ்வளவு எடை என்று பார்க்கத்தான் தேர்தல் வைக்கிறோம். எடை போடுவதற்கு முன்பே பேரம் முடிந்துவிடுகிறது. "உனக்கு ஆறு, எனக்கு நூற்று எழுபது" என்று கட்சி அலுவலகத்தில் விடிய விடியப் பேசுவது எல்லாம் ஊகத்தின் பேரில்தான்.

ஆகவே நான் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தின் பக்கம், அதாவது வாங்கிய வாக்கின் அளவுக்கு இடம் என்ற முறையின் பக்கம். ஆனால் "விகிதாசாரம் வேண்டும்" என்று சொல்லி நிறுத்துவது, "வண்டி வாங்க வேண்டும்" என்று சொல்லி நிறுத்துவது மாதிரி. எந்த வண்டி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு என்று வைத்துக்கொண்டு, கையில் இருக்கும் நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இப்போது இருப்பது

தொகுதியில் அதிக வாக்கு வாங்கியவர் ஜெயித்தார், மற்றவர்களுக்குப் போட்டதெல்லாம் குப்பைக்கு. இதன் விளைவுகள் நமக்குப் பழகிவிட்டன. 2014 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தில் 44 சதவீதம் வாங்கிய அ.தி.மு.க.வுக்கு 39-ல் 37. 23 சதவீதத்துக்கு மேல் வாங்கிய தி.மு.க.வுக்குப் பூஜ்யம். பத்து வருடம் கழித்து 2024-ல் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. சுமார் 47 சதவீதம் வாங்கிய தி.மு.க. அணிக்கு 39-ம், 23 சதவீதம் வாங்கிய அ.தி.மு.க. அணிக்கும், 18 சதவீதம் வாங்கிய பா.ஜ.க. அணிக்கும், 8 சதவீதம் வாங்கிய நாம் தமிழர் கட்சிக்கும் ஒன்றுமில்லை. வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் டெல்லிக்கு ஒருவரையும் அனுப்பவில்லை. வாக்கு விகிதப்படி பிரித்திருந்தால் சுமார் 19, 9, 8, 3 என்று வந்திருக்கும்.

எந்தக் கட்சிக்காரரிடம் பேசினாலும் தன் கட்சி அடிவாங்கிய வருடத்தில் மட்டும் இந்த முறை அநியாயம் என்பார். அடுத்த தேர்தலில் காற்று திரும்பியதும் மறந்துவிடுவார்.

பெரிதாகக் கொண்டாடப்படும் 1967-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேர்தலில் காங்கிரஸ் வாங்கியது 41.1 சதவீதம், தி.மு.க. வாங்கியது 40.7. இடங்கள்: காங்கிரஸ் 51, தி.மு.க. 137. தி.மு.க. 174 தொகுதிகளில்தான் நின்றது என்பதால் இந்த ஒப்பீடு முழு நியாயமல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். விகிதாசாரம் இருந்திருந்தாலும் அண்ணாதான் முதலமைச்சர் ஆகியிருப்பார். ஆனால் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் மார்க்சிஸ்டுகளும் அமைச்சரவையில் பங்கு கேட்டிருப்பார்கள். அது நல்லதா கெட்டதா என்று டீக்கடையில் ஒரு மாதம் சண்டை போடலாம்.

இந்த முறைக்கு நல்ல பக்கம் இல்லாமல் இல்லை. குடிநீர் வரவில்லை என்றால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்று தெரியும். "எங்க எம்.எல்.ஏ." என்று ஒருவரைக் கைகாட்டலாம், திட்டலாம், அடுத்த முறை தோற்கடிக்கலாம். ஆவணங்களில் பச்சை மையால் ஒரு கையெழுத்து வாங்க வேண்டுமென்றால்கூட அவர் இருக்கிறார். இதை இழக்கச் சொன்னால் ஊரில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நானும்தான்.

அப்புறம் நிலையான ஆட்சி என்ற வாதம். விகிதாசாரம் வந்தால் யாருக்கும் பெரும்பான்மை வராது, வாரம் ஒரு ஆட்சி கவிழும் என்பார்கள். 2019 ஏப்ரல் முதல் 2022 நவம்பர் வரை ஐந்து பொதுத்தேர்தல் நடத்திய இஸ்ரேலை உதாரணம் காட்டுவார்கள். அது உண்மையான பயம்தான். ஆனால் நம் வீட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. 2006-ல் தி.மு.க.வுக்கு 96 இடம்தான். காங்கிரஸ் வெளியே இருந்து ஆதரவு கொடுத்தது. "மைனாரிட்டி தி.மு.க. அரசு" என்று ஜெயலலிதா அறிக்கைக்கு அறிக்கை எழுதினார். அந்த மைனாரிட்டி அரசு ஐந்து வருடமும் முழுசாக ஓடியது, கலர் டி.வி.யும் கொடுத்து முடித்தது.

இலங்கை போன வழி

விகிதாசாரத்தைத் தமிழில் வாழ்ந்து பார்த்தவர்கள் இலங்கைத் தமிழர்கள். அவர்கள் அனுபவத்தைப் பார்க்காமல் இதைப் பேசக்கூடாது.

அங்கேயும் முதலில் நம் மாதிரித் தொகுதி முறைதான். 1970-ல் ஐக்கிய தேசியக் கட்சி 37.9 சதவீதம் வாங்கி 17 இடம் பெற்றது. 36.9 சதவீதம் வாங்கிய ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 91. 1977-ல் சக்கரம் திரும்பியது: ஐ.தே.க. 50.9 சதவீதத்துக்கு 168-ல் 140 இடங்களை அள்ளியது, கிட்டத்தட்ட 30 சதவீதம் வாங்கிய சுதந்திரக் கட்சிக்கு எட்டே எட்டு. ஏழு சதவீதத்துக்கும் குறைவாக வாங்கிய தமிழர் விடுதலைக் கூட்டணி, வடக்கிலும் கிழக்கிலும் அடர்ந்திருந்ததால் 18 இடம் பெற்றது; அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். விஜயகாந்த் கதையின் முதல் பதிப்பு என்று சொல்லலாம், ஆனால் விளையாட்டில்லை. ஆறில் ஐந்து பங்கு இடத்தை வைத்துக்கொண்டு ஐ.தே.க. தலைவர் ஜே.ஆர். ஜயவர்த்தன புது அரசியலமைப்பே எழுதினார். அதில் விகிதாசாரத்தையும் அவரே எழுதி வைத்தார். தனக்குக் கிடைத்த மாதிரி பெரும்பான்மை இன்னொருவருக்குக் கிடைக்கக் கூடாது என்ற கணக்கு என்பார்கள்.

முறை இப்படி: மொத்தம் 225 இடம். 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களில் இருந்து, 29 பேர், நாடு முழுக்க வாங்கிய வாக்குப்படி, தேசியப் பட்டியலில் இருந்து. மாவட்டத்தில் முதலில் வரும் கட்சிக்கு ஒரு போனஸ் இடம். வெட்டுப்புள்ளிக்கு, அதாவது இடம் பெறத் தேவையான குறைந்தபட்ச வாக்கு சதவீதத்துக்கு, கீழே இருப்பவர்களைக் கழித்துவிட்டு மீதி இடங்களை வாக்கு விகிதப்படி பிரிப்பார்கள். வெட்டுப்புள்ளி முதலில் 12.5 சதவீதம். அதை 1988-ல் 5 ஆகக் குறைத்தார்கள். முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரப், அப்போதைய பிரதமர் பிரேமதாசவிடம் கேட்டு வாங்கியது அது என்பது அங்கே பரவலாகச் சொல்லப்படுவது.

சிதறிக் கிடக்கும் சிறுபான்மைக்கு இந்த முறை என்ன செய்யும் என்பதற்குக் கொழும்புதான் உதாரணம். கொழும்பு மாவட்டத் தமிழர்கள் பல தொகுதிகளில் பிரிந்து இருக்கிறார்கள். தொகுதி முறையில் ஒரு ஆளை ஜெயிக்க வைப்பது சிரமம். மாவட்டம் முழுவதும் கட்சிக்கு ஒரே வேட்பாளர் பட்டியல் என்பதால் தமிழ் அரசியல்வாதி மனோ கணேசன் பலமுறை ஜெயித்தார். இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஒரு வட்டாரத்தில் அடர்ந்திருக்கும் பெரிய சாதிக்கு இப்போதே எல்லாக் கட்சியிலும் சீட்டு உண்டு. சலவைத் தொழிலாளர், மண்பாண்டத் தொழிலாளர், முடிதிருத்தும் மருத்துவர் சமூகங்கள் எல்லா ஊரிலும் பத்துப் பதினைந்து வீடாக இருப்பவை. எந்தத் தொகுதியிலும் அவர்களுக்குப் பெரும்பான்மை வராது, அதனால் எந்தக் கட்சிக்கும் அவர்கள் நினைவும் வராது. பட்டியல் முறையில் மாநிலம் முழுக்க அவர்கள் வாக்கைக் கூட்டிப் பார்க்க ஒரு காரணம் பிறக்கும்.

இனி கசப்பு. வாக்குச்சீட்டில் முதலில் கட்சிக்கு ஒரு புள்ளடி (X குறி). பிறகு கீழே உள்ள எண்களில், அந்தக் கட்சி வேட்பாளர்களில் மூன்று பேருக்கு விருப்பு வாக்கு. எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்பதைப் புள்ளடி தீர்மானிக்கும். அந்த இடங்களில் யார் உட்காருவது என்பதை விருப்பு வாக்கு. காகிதத்தில் பார்த்தால் மிக அழகான ஏற்பாடு, மக்களே ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் ஒரு தேர்தல் சமயம் எனக்கு அனுப்பிய படத்தில் ஒரே மதிலில் ஒரே சின்னம், ஒரே கட்சி, ஆனால் மூன்று முகம், மூன்று எண். ஒன்றின் மேல் ஒன்று ஒட்டியிருந்தது. "மற்றக் கட்சிக்காரனோட சண்டை இல்லை அண்ணை, ஒரே பட்டியலில நிக்கிற ஆளோடதான் சண்டை" என்று எழுதியிருந்தார். மாவட்டம் முழுக்கத் தன் எண்ணைப் பரப்ப வேண்டும் என்றால் பணம் உள்ளவன்தான் நிற்க முடியும். தமிழ்நாட்டில் வாக்குக்குப் பணம் கொடுக்கும் பழக்கத்தோடு இதைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

போனஸ் இடமும் அப்படித்தான். 2024-ல் யாழ் மாவட்டத்தில் தமிழ்க் கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் சிதறி நிற்க, தென்னிலங்கைக் கட்சியான தேசிய மக்கள் சக்தி சுமார் 25 சதவீதம் வாங்கி ஆறில் மூன்று இடத்தைப் பிடித்தது. பெயர் விகிதாசாரம், கால் பங்குக்குப் பாதி இடம். இதே யாழ் மாவட்டத்துக்கு 2010-ல் 9 இடம் இருந்தது. போரும் புலம்பெயர்வும் ஆட்களைக் குறைக்க, 2024-ல் அது 6. தொகுதி மறுவரையறையைப் பற்றி நாம் இங்கே பேசும் கவலைக்கு விகிதாசாரம் மருந்தாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பது மக்கள்தொகைக் கணக்கு. அது வேறு சண்டை.

தேசியப் பட்டியல் பற்றி ஒரு வரி சொல்லாமல் போக முடியாது. 2020-ல் ரணில் விக்கிரமசிங்கவின் கட்சி நாடு முழுக்க 2 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டியது. எந்த மாவட்டத்திலும் ஒருவரும் ஜெயிக்கவில்லை. தேசியப் பட்டியலில் கிடைத்த ஒரே இடத்தில் அவர் 2021-ல் உள்ளே வந்தார், 2022 மே மாதம் பிரதமர், ஜூலையில் ஜனாதிபதி. பின்வாசல் என்பது இதுதான் என்று சிலர். வீடு பற்றி எரியும்போது எந்த வாசல் வழியாக வந்தால் என்ன என்று சிலர்.

34 என்ற எண்

தமிழ்நாட்டில் விகிதாசாரம் புதிது என்று நினைப்பவர்களுக்கு: ஆறு வருடத்துக்கு மூன்று முறை தலைமைச் செயலகத்தில் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. மாநிலங்களவைக்கு ஆறு எம்.பி.க்களை 234 எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். "ஒரு எம்.பி.க்கு 34 எம்.எல்.ஏ. வேண்டும்" என்று பத்திரிகைகளில் வருமே, அந்தக் கணக்கு ஒற்றை மாற்று வாக்கு முறையில் இருந்து வருவது. ஒரு வாக்கின் மதிப்பு 100. 23,400-ஐ, இடங்களைவிட ஒன்று கூடுதலான ஏழால் வகுத்து ஒன்று கூட்டினால் 3,343. அதாவது 34 பேர். வரிசைப்படி 1, 2, 3 என்று எழுதுவார்கள்; ஜெயித்தவரின் மிச்ச வாக்கு அடுத்த விருப்பத்துக்குப் போகும். எம்.எல்.ஏ.க்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட முறை, பொதுமக்களுக்கு மட்டும் புரியாது என்பார்கள்!

அயர்லாந்து நூறு வருடமாக இப்படித்தான் நாடாளுமன்றத்தைத் தேர்ந்தெடுக்கிறது. 1959-லும் 1968-லும் அதை ஒழிக்க அரசே வாக்கெடுப்பு நடத்தி இரண்டு முறையும் தோற்றது. நான்கு வழிகளில் அழகானது இதுதான். வீணாகும் வாக்கு மிகக் குறைவு. ஆனால் தமிழ்நாட்டில் ஓடாது என்று நினைக்கிறேன், காரணம் ரொம்பச் சாதாரணம். 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 வேட்பாளர்கள். ஒரு இயந்திரத்தில் 16 பெயர்தான் அடங்கும் என்பதால் ஐந்து இயந்திரத்தை வரிசையாக வைத்தார்கள். அது ஒரே ஒரு தொகுதிக்கு. ஐந்து தொகுதியைச் சேர்த்து ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், வாக்குச்சீட்டைப் பாயாக விரித்து வைத்துத்தான் எண் போட வேண்டியிருக்கும். மின்னணு இயந்திரத்தையும் தூக்கி வைத்துவிட வேண்டும்.

இரண்டு வாக்கு

நான்காவது வழி, கலப்பு. ஒரு வாக்கு தொகுதி வேட்பாளருக்கு, இன்னொரு வாக்கு கட்சிக்கு. ஜெர்மனி, நியூசிலாந்து, நேபாளம் மூன்றும் இதைச் செய்கின்றன. ஆனால் மூன்றும் ஒன்றல்ல, இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

நேபாளத்தில் 275 இடத்தில் 165 தொகுதிகள், 110 பட்டியல். இரண்டும் தனித்தனிக் கணக்கு. தொகுதிகளை அள்ளிய கட்சிக்குப் பட்டியலிலும் பங்கு உண்டு. நியூசிலாந்தில் அப்படி இல்லை. கட்சி வாக்கு விகிதப்படி உனக்கு மொத்தம் இத்தனை என்று முதலில் தீர்மானித்து, தொகுதியில் ஏற்கனவே வாங்கியதைக் கழித்து, பாக்கியைத்தான் பட்டியலில் கொடுப்பார்கள். முன்னதைச் சேர்ப்பு என்றும் பின்னதை ஈடு என்றும் வைத்துக்கொள்வோம்.

நம் கணக்கில் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். சட்ட ஆணையம் 1999-ல் தந்த 170-வது அறிக்கை, மக்களவைக்கு இருக்கும் இடங்களோடு கால் பங்கு கூட்டி, அதைப் பட்டியல் முறையில் நிரப்பலாம் என்றது. நான் கொஞ்சம் தாராளமாக, மூன்றில் ஒரு பங்கு கூட்டுகிறேன்: 234 தொகுதி அப்படியே, கூட 78 பட்டியல் இடம், மொத்தம் 312. இதில் 2011 முடிவை ஊற்றுங்கள். அ.தி.மு.க. அணி சுமார் 52 சதவீத வாக்குக்கு 203 தொகுதி. தி.மு.க. அணி 39 சதவீதத்துக்கு மேல் வாங்கி 31. சேர்ப்பு முறையில் அ.தி.மு.க. அணிக்கு இன்னும் 40-க்கு மேல் சேரும். 312-ல் நான்கில் மூன்றுக்கு மேல் அவர்களிடம். எதுவும் மாறவில்லை, செலவுதான் கூடியது. ஈடு முறையில் அவர்கள் ஏற்கனவே பங்குக்கு மேல் வாங்கிவிட்டார்கள், பட்டியலில் ஒன்றும் கிடையாது, 78-ம் மற்றவர்களுக்கு. 203-க்கு எதிரே 109. மூன்றில் இரண்டு பங்குக்கு 208 வேண்டும், அதற்கு ஐந்து குறைவு. ஆட்சி அவர்களுடையதுதான், யாரும் பறிக்கவில்லை. ஆனால் எதிரே 109 பேர் உட்கார்ந்திருக்கும் சபை, 31 பேர் உட்கார்ந்திருந்த சபை மாதிரி நடக்காது.

ஆகவே என் தேர்வு ஈடு செய்யும் கலப்பு முறை, இரண்டு வாக்கோடு. ஒரே வாக்கை இரண்டுக்கும் எண்ணினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 25 தொகுதியில் மட்டும் நிற்கும் கூட்டணிக் கட்சியின் எடை அப்போதும் தெரியாமலே போகும். தொகுதியில் கூட்டணி வேட்பாளருக்குப் போட்டுவிட்டு, இரண்டாவது வாக்கைப் பானைக்கோ, மாம்பழத்துக்கோ, கைக்கோ, அரிவாள் சுத்தியலுக்கோ போடட்டும். அப்போதுதான் தராசில் முள் நிற்கும். அடுத்த முறை தொகுதிப் பங்கீட்டுக்கு உட்காரும்போது யார் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

பட்டியல் என்றால் கட்சித் தலைமை கையில் எல்லாம் போய்விடுமே என்பார்கள். இப்போது யார் கையில் இருக்கிறது? விருப்ப மனு, கட்டணம், நேர்காணல் என்ற சடங்கெல்லாம் முடிந்து கடைசி இரவில் தலைமை விரும்பிய பெயர்தான் வருகிறது. பட்டியலையாவது வாக்களிக்கும் முன்பு வரிசையோடு அச்சடித்துத் தர வேண்டும். முதல் பத்தில் எத்தனை வாரிசு என்று எண்ணிக்கொண்டே போடலாம்.

234-ல் 44 தனித்தொகுதி பட்டியல் சாதியினருக்கும் 2 பழங்குடியினருக்கும் இருக்கின்றன. அவை அப்படியே இருக்கும். பட்டியலில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர், மூன்றில் ஒருவர் பெண் என்று வரிசைக்கே விதி போட்டுவிடலாம். பெண்களுக்கான தொகுதியைச் சுழற்சியில் மாற்றிக்கொண்டிருக்கும் தலைவலி பட்டியலில் இல்லை.

வெட்டுப்புள்ளி 5 வேண்டாம், 3 போதும். 2021-ல் பதிவான வாக்கு சுமார் 4.6 கோடி. அதில் 5 சதவீதம் என்பது 23 லட்சம். இவ்வளவு பேர் ஒரு கட்சிக்குப் போட்டும் உள்ளே விடமாட்டோம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 2025 ஜெர்மன் தேர்தலில் ஒரு புதுக் கட்சி 4.98 சதவீதத்தில், பத்தாயிரத்துக்கும் குறைவான வாக்கில், வாசலில் நின்றுபோனது. அதே தேர்தலில், புது விதிப்படி, தொகுதியில் முதலில் வந்தும் இடம் கிடைக்காதவர்கள் 23 பேர். அந்த விதியை மட்டும் இங்கே கொண்டுவரவே கூடாது. ஜெயித்தவரை வீட்டுக்கு அனுப்பினால் ஊரில் சாலை மறியல்தான்.

எனக்குப் பதில் தெரியாத ஒரு ஓட்டை உண்டு. 2020-ல் தென் கொரியாவில் இரண்டு பெரிய கட்சிகளும் பட்டியலுக்கென்றே ஒரு துணைக் கட்சியைத் தொடங்கின. தொகுதியில் ஒரு பெயர், பட்டியலில் இன்னொரு பெயர். கழிக்க எதுவும் இல்லை, ஈடு முழுதாகக் கைக்கு வந்தது. "பி டீம்" என்ற சொல்லை அன்றாடம் புழங்கும் நாட்டில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம்கூட ஆகாது. தொகுதியில் கூட்டணி அறிவித்தவர்களைக் கழிக்கும்போது ஒரே அணியாக எண்ணலாம். ரகசியக் கூட்டணியை என்ன செய்வது?

இதையெல்லாம் சென்னையில் தீர்மானம் போட்டுக் கொண்டுவர முடியாது. சட்டமன்ற உறுப்பினர்கள் தொகுதிகளில் இருந்து நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 170-வது பிரிவு சொல்கிறது. 312 பேர் என்பது பிரச்சினையில்லை, 500 வரை அனுமதி உண்டு. ஆனால் பட்டியலுக்கு நாடாளுமன்றம் திருத்தம் செய்ய வேண்டும். உள்ளாட்சியில் சோதித்துப் பார்க்கலாமே என்றால் அங்கேயும் வார்டு வாரியாக நேரடித் தேர்தல் என்றே எழுதியிருக்கிறது. 1949 ஜனவரியில் அரசியல் நிர்ணய சபையில் காஸி சையத் கரீமுதீன் விகிதாசாரம் கேட்டபோது, படிப்பறிவு குறைவு, ஆட்சி நிலைக்காது என்ற இரண்டு காரணங்களைச் சொல்லி அம்பேத்கர் மறுத்தார். முதல் காரணம் இன்று இல்லை. இரண்டாவதைப் பற்றி மேலே பார்த்தோம்.

ஜெயித்து வந்தவர்கள் தாங்கள் ஜெயித்த முறையை ஏன் மாற்றுவார்கள் என்று கேட்டால், நியூசிலாந்தில் நடந்ததைத்தான் சொல்ல முடியும். 1978-லும் 1981-லும் அங்கே தொழிற்கட்சி அதிக வாக்கு வாங்கியும் தோற்றது. 1981-ல் 20 சதவீதத்துக்கு மேல் வாங்கிய மூன்றாவது கட்சிக்கு இரண்டே இடம். ஒரு ராயல் கமிஷன் 1986-ல் கலப்பு முறையைப் பரிந்துரைத்தது. இரண்டு பெரிய கட்சிகளுக்கும் அதில் ஆர்வமில்லை. 1987-ல் தொலைக்காட்சி விவாதம் ஒன்றில் பிரதமர் டேவிட் லாங்கி, கையில் இருந்த குறிப்பைத் தவறாகப் படித்து, வாக்கெடுப்பு நடத்துவதாகச் சொல்லிவிட்டார் என்பார்கள். சொன்னது சொன்னதுதான். அவர் நடத்தவில்லை, ஆனால் எதிர்க்கட்சி அதைப் பிடித்துக்கொண்டு தானும் வாக்குக் கொடுத்து ஆட்சிக்கு வந்து மாட்டிக்கொண்டது. 1993-ல் மக்கள் 54 சதவீதம் பேர் மாற்றத்துக்கு வாக்களித்தார்கள். 2011-ல் திரும்பக் கேட்டபோது 58 சதவீதம் பேர் இதுவே இருக்கட்டும் என்றார்கள்.

நம் தலைவர்கள் தொலைக்காட்சி விவாதத்துக்கே வருவதில்லை.